மெழுகு ராணிக்கு உடுத்திவிட்டவள்

கைத்துணி சூடாக இருந்தது.

மதிய விருந்து முடிந்து தட்டுகள் போனபிறகு, மேசையின் தலைப்பக்கத்தில் அமர்ந்திருந்த மெழுகு உருவத்தின் விரல்களிலிருந்து அதை உருவும்போதுதான் மாதுரின் கவனித்தாள். நெருப்பு மூட்டினால் மெழுகு உருகிவிடும் என்று சிற்பி சொல்லியிருந்ததால் ஐந்து நாட்களாக அந்தக் கூடத்தில் கணப்பு எரியவில்லை. ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. ஆற்றிலிருந்து ஏறிய ஜனவரிக் குளிர் கல்தரை வழியாக அவள் செருப்பைத் துளைத்தது. வாட்டிய வாத்தின் கொழுப்பு தட்டிலேயே வெள்ளையாக உறைந்துபோயிருந்தது. ஆனால் துணியில் மட்டும், யாரோ வாயைத் துடைத்துவிட்டு அப்போதுதான் கீழே வைத்ததுபோல் ஓர் இளஞ்சூடு.

"காஸ்பார், இந்தத் துணிய நீ தொட்டியா?"

"நான் ஏன்மா தொடுறேன்?" ருசி பார்க்கும் காஸ்பார் கோப்பையைக் கவிழ்த்துவைத்தான். "செத்தவங்களுக்கு வைக்கிற ஒயின்ல விஷம் இருக்கான்னு பாக்குற உத்தியோகம் உலகத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான். அதுக்கே ஊர் சிரிக்குது. இதுல வாய வேற தொடச்சுவிடுவேனா?"

அந்த அரண்மனையில் அடக்கம் முடியும்வரை ராணி இறந்தவர் அல்ல. உடல் கீழே சிற்றாலயத்தில் ஈயப்பெட்டிக்குள் கிடக்கும். மேலே அவருடைய உருவம் அவருடைய உடையில், அவருடைய நாற்காலியில் அமர்ந்து நாளுக்கு இருவேளை உண்ணும். கைகழுவ வெள்ளிக் கிண்ணம் நீட்டப்படும். உண்பவரின் உடலுக்கு வலிமை வேண்டிப் பாதிரியார் ஜெபிப்பார். பதினோராம் நாள் காலை, ராணிக்கு உடுத்திவிட்டவள் சபையின் முன் வேதாகமத்தில் கைவைத்து, 'இவர்தான்' என்று சொல்வாள். அதன்பிறகு அந்த முகம்தான் கல்லறையில், நாணயத்தில், இனி வரையப்படும் எல்லாப் படங்களிலும். வேறு முகம் எங்காவது இருந்தால் எரித்துவிடுவார்கள்.

இருபத்திரண்டு வருடங்களாக உடுத்திவிட்டவள் மாதுரின்.

இந்த முகம் ராணியுடையது அல்ல என்று அவளுக்குத் தெரியும். அம்மை வருவதற்கு முன், பதினாறு வயதில், கல்யாணப் பேச்சுக்காக ஓர் ஓவியர் வரைந்து அனுப்பிய முகம் அது. பிறகு வந்த ஓவியர்கள் ராணியை நிமிர்ந்து பார்க்காமல் அந்தப் படத்தையே பார்த்து வரைந்தார்கள். ராணி இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார். கலகம் செய்த நகரத்தின் வாயிலுக்குத் தனியாகக் குதிரையில் போய்க் கதவைத் திறக்கவைத்தார். திரும்பும் வழியில் விழுந்து ஒரு பல்லை இழந்தார். படங்களில் இருந்தவள் எதையும் இழக்கவில்லை.

"அவ யாரோ ஒருத்தி, மாதுரின்," என்றார் ராணி கடைசி வாரத்தில், மூச்சு வாங்க. "நான் பட்டதுல ஒண்ணுகூட அவ படல. நான் போனப்புறம் அவள என் எடத்துல உக்கார விட்றாத."

மாதுரின் தலையாட்டினாள். தலையாட்டும்போதே வெட்கமாக இருந்தது. தினமும் காலையில் கட்டைவிரலால் வெள்ளைப் பூச்சை எடுத்து, ராணியின் கன்னத்து அம்மைக் குழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது அவள்தானே? இத்தனை வருடமும் தான் யாருக்கு உடுத்திவிட்டோம் என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்குள் எழுந்தது. எழுந்தது பிறகு படுக்கவே இல்லை.

ஏழாம் நாள் அந்தியில் காஸ்பார் வேடிக்கை பேசுவதை நிறுத்தியிருந்தான். கோப்பையை அவளிடம் சாய்த்துக் காட்டினான். பாதி காலி.

"ஒரு வாய்தாம்மா குடிச்சேன். சத்தியமா."

உருவத்தின் கீழுதடு ஈரமாக மினுங்கியது. மெழுகு வாசனை போயிருந்தது. அந்த இடத்தில் வேறொரு வாசனை, தூங்கி எழுந்த சின்னப் பெண்ணின் கழுத்தில் இருக்கும் பால்வாசனை, மெல்ல மேசையைத் தாண்டி வந்து அவள் முகத்தைத் தொட்டது.

"கீழ பெட்டிய எட்டுப் பேர் தூக்கி வெச்சாங்க," என்றான் காஸ்பார் தணிந்த குரலில். "இன்னிக்கு நாலு பேரு சும்மா நகத்துறாங்க."

"ராணியோட தழும்புல ஒண்ணுகூட இதுல இல்ல, பாத்தியா?"

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "தழும்பா? நம்ம ராணிக்கா?"

அன்று மாதுரின் கண்ணை மூடி ராணியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சரிந்த இமை இடதா, வலதா? உடைந்த பல் மேலா, கீழா? எவ்வளவு முயன்றாலும் வந்து நின்றது வழுவழுப்பான அந்த முகம்தான். வந்து, பொறுமையாக, அவளைப் பார்த்தது.

பத்தாம் நாள் தலைமை அமைச்சர் த லோர்ம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைக்கு ஒரே வார்த்தை. சொல்லிடுவேல்ல?"

"மாட்டேன்னா, பிரபு?"

"ராணிய மறுத்தவள என்ன செய்வாங்கன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஆத்துல இறக்குவாங்க."

"ஜனவரித் தண்ணி. வயசான காலத்துல ஒத்துக்காது." அவர் சிரித்தார். "போ. அழகா உடுத்தி விடு."

பதினோராம் நாள் காலை அவள் உடுத்திவிட்டாள். முதல் நாள் தொளதொளத்த கழுத்துப்பட்டி இன்று எட்டவில்லை. இழுத்துக் குண்டூசியால் இணைத்தாள். விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது. நின்றது. துடித்தது.

கையை எடுக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. அதோடேயே நிற்க முடியும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சபை வந்தது. இருபது பேர். பாதிரியார் வேதாகமத்தை நீட்டினார்.

"இவர்தானா?"

கூடம் காத்திருந்தது. உருவமும் காத்திருந்தது. ஆம் என்ற சொல் அவள் வாய்க்குள் தானாக ஊறியது, இனிப்பாக. மறுக்க அவளிடம் என்ன இருக்கிறது? அந்த முகம் நினைவில் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

ஆனால் கட்டைவிரல்.

கண்ணை மூடினாள். கட்டைவிரலை அந்தக் கன்னத்தில் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்துக் காலைகள் விரலில் இருந்தன. அது தானாக நகர்ந்தது. தேடியது. இங்கே. இல்லை. இங்கே. இல்லை.

"இவ ராணி இல்ல," என்றாள்.

"மாதுரின்!" த லோர்மின் குரல்.

"இல்லைன்னா இல்ல. எங்க ராணிக்கு இங்க ஒரு தழும்பு." கழுத்துப்பட்டியிலிருந்து குண்டூசியை உருவி, விரல் காட்டிய இடத்தில் குத்திக் குடைந்தாள். "இங்க ஒண்ணு. கண்ணுக்குக் கீழ, இங்க, ஆழமா ஒண்ணு. அவங்க பட்டது. அவங்களோடது."

குழியிலிருந்து சிவப்பாக ஒரு துளி. பிறகு கோடு. கழுத்துவரை.

"மெழுகு," சிற்பி பின்னால் முனகினார். "நான் மெழுகுலதான செஞ்சேன்..."

நாற்காலி கிறீச்சிட்டது. உருவம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பழக்கம்தான் முதலில் வேலை செய்தது: இருபது பேரும் மண்டியிட்டார்கள். த லோர்மும். கல்லில் முழங்கால்கள் மோதும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

நின்றவள் மாதுரின் மட்டும்.

அவள் கண்முன் குழி மூடியது. ஓரங்கள் நகர்ந்து, சேர்ந்து, வழுவழுப்பு. அடுத்ததும். ரத்தம் மட்டும் மிச்சம். அவள் மறுபடி குத்தினாள். மூடியது. குத்தினாள். உருவம் வலி தெரியாமல், கோபமில்லாமல், பதினாறு வயதுப் பற்கள் எல்லாம் தெரிய அவளைப் பார்த்துப் புன்னகைத்தது. அதன் கை எழுந்து அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தது. வெதுவெதுப்பான கை. இறுகியது. எலும்பு நொறுங்கியது.

மாதுரின் ஊசியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.