எண்ணெய் மந்திரியின் குளிர் அறை

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்க வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். முகத்தின் மேல் தலையணை.

ஃபாரிஸ். அல் நாமிர் என்ற பாலைவன நாட்டின் எண்ணெய் மந்திரி. எண்ணெயை மட்டும் நம்பியிருக்கும் நாட்டை வேறு தொழில்களுக்குத் திருப்பும் திட்டத்தில், இன்று மதியம் ஒஸ்லோவில் கையெழுத்துப் போட வந்தவர்.

2007 ஜனவரி. வெளியே பனி கொட்டியது. அறைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே குளிர்தான்.

இன்ஸ்பெக்டர் யதுர்ஷா கோட்டைக் கழற்றவில்லை.

வாசலில் நின்றவர் சிவானந்தன். ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் நெடுங்காலமாக வாழும் தமிழர். அந்தத் திட்டத்தை எட்டு வருடமாக எழுதிய பொருளாதார நிபுணர். மந்திரி கதவைத் திறக்கவில்லை என்று ஹொட்டேல்காரரைக் கூப்பிட்டதும் அவர்தான்.

"அண்ணை, நீங்கள் இந்த அறைக்கை வரவேயில்லையோ?"

"இல்லைப் பிள்ளை. நேற்றுப் பின்னேரம் கீழை லொபியிலை கதைச்சதோடை சரி."

"ஆர் செய்திருப்பினம்?"

"எண்ணெய் விக்கிற ஆக்களுக்கு இந்தத் திட்டம் பிடிக்காதுதானே..."

நல்ல பதில். பத்திரிகைகளும் நாளைக்கு அதையேதான் எழுதும்.

யதுர்ஷா யன்னலைப் பார்த்தாள். அகலத் திறந்திருந்தது. ஹீற்றரோ உச்சத்தில்.

"இவர் வந்த நாள் தொடக்கம் ஹீற்றரைக் குறைக்க விடேல்லையாம். கோட்டோடைதான் படுக்கிறவராம். பக்கத்து அறையிலை இருக்கிற துணை மந்திரி நாதிரும் அப்பிடித்தானாம். பிறகு ஆர் யன்னலைத் திறந்தது?"

"ஹொட்டேல் ஆக்களாயிருக்கும்."

"அவை கதவைத் திறக்கேக்கையே யன்னல் திறந்துதான் கிடந்ததாம்."

சிவானந்தனின் பார்வை யன்னலுக்குப் போனது.

"எங்கடை வீட்டிலை அப்பா, எந்தக் குளிருக்கையும் யன்னலைத் திறந்து விடுவார். நோர்வேக்காரர் மாதிரி லுஃப்தெ பண்ணவேணும், காத்து மாறவேணுமெண்டு. இஞ்சை கனகாலம் இருந்த ஆக்களுக்குக் காத்தோட்டம் இல்லாட்டிச் சரிவராது. கை தன்பாட்டிலை திறக்கும், அண்ணை."

அவர் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அறை சரியான வெக்கை..." என்றார். பஸ் நேரம் சொல்வதுபோல இருந்தது குரல்.

"ஏன் செய்தனீங்கள்?"

"கையெழுத்துப் போடமாட்டன் எண்டார். மாநாடுகளிலை காட்டத்தானாம் திட்டம். சூரிய மின்சாரம், மீன்பிடி, பள்ளிக்கூடம்... எல்லாம் படம் காட்ட. சொல்லிப்போட்டுச் சிரிச்சார். நாதிர் நல்லவர். தான் மந்திரியெண்டா உடனை போடுவன் எண்டவர்."

"அதுக்காகவோ?"

"ஓம். இப்ப ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை. எல்லாம் மரத்துப் போச்சு."

யதுர்ஷா விலங்கை எடுத்தாள்.

அப்போது நாதிர் வந்தார். இனி அவர்தான் மந்திரி என்று தலைநகரிலிருந்து செய்தி வந்துவிட்டது.

சிவானந்தன் ஆங்கிலத்தில் கேட்டார். "இன்றைக்குக் கையெழுத்துப் போடுவீர்கள்தானே?"

நாதிர் அவரைப் பார்க்கவே இல்லை. யதுர்ஷாவிடம் சொன்னார்.

"இப்போது துக்க காலம். பிறகு புதிதாக ஒரு திட்டம் எழுதச் சொல்லலாம். மாநாட்டுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. ஒஸ்லோவில் வேறு நிபுணர் இருக்கிறாரா?"

"நிறையப் பேர் இருக்கிறார்கள், மந்திரி அவர்களே. கையெழுத்துக் கிடையாது என்று அந்தப் புது நிபுணரிடம் சொல்லப்போகும் அன்றைக்கு மட்டும், எங்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்."