கில்பர்ட்டின் வழக்குவாய்

காலையில் பால் பொங்குவதற்குள் அந்தச் சனியன் பேச ஆரம்பித்துவிடும். "வணக்கம் பிலோமி அம்மா. கில்பர்ட் பக்கத்து நியாயம் இன்னைக்கு என்ன?"

அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், சோப்புக்கட்டி அளவில் ஒரு பேசும் கருவியாக உட்கார்ந்திருந்தது. வழக்குவாய் என்று பெயர். கோர்ட்டில் என் கொழுந்தன் கில்பர்ட்டுக்காக வாதாடப்போகிற வக்கீல். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். எனக்காகப் பேசப்போகிற வழக்குவாய் கில்பர்ட் வீட்டில், அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

முன்பெல்லாம் வசதி உள்ளவன் கெட்டிக்கார வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள்வானாம். அது அநியாயம் என்று வியாபாரத் தகராறுகளுக்கு எதிர்வாய்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். எதிராளியின் நியாயத்தை நீயே உட்கார்ந்து யோசித்தால் பாதிச் சண்டை தானாகத் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்களாம். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ, பங்காளியோடு ஒரு நாள்கூடத் தொழில் செய்திருக்க மாட்டான்.

மணிக்கட்டில் நாடிப்பட்டை கட்டிவிடுவார்கள். பொய் சொன்னாலும் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்கினாலும் தெரியும். இரண்டு வழக்குவாயும் "நிறைந்தது" என்று சொல்கிறவரை தொழிலுக்கு சீல். கோர்ட்டில் அதுகள்தான் பேசும், நாங்கள் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் தொழில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் பிளான்ட். என் வீட்டுக்காரர் சேவியரும் அவர் தம்பி கில்பர்ட்டும் ஆரம்பித்தது. சேவியரைக் கடல் கொண்டுபோன பிறகு அவர் பாதி எனக்கு வந்தது. கணினிக் கம்பெனி ஒன்று அவர்கள் இயந்திரங்களை வைக்கக் குளிர்ந்த கட்டடம் தேடியது. கொடுத்துவிடலாம், ஐஸ் உடைத்தது போதும் என்றான் கில்பர்ட். என் பிணம் விழுந்த பிறகு கொடு என்றேன். இப்போது அடிக்கிற வெயிலில் ஐஸ் இல்லாமல் மீன் ஏலத்துக்கு வருவதற்குள் நாறிவிடும். ஆனால் நான் முடியாது என்றதற்குக் காரணம் மீன் இல்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். கடலில் செத்தவன் உடல் கரைக்கு வந்தால் ஐஸ் பிளான்ட் கதவு பூட்டியிருக்கக் கூடாது. யாரும் யாரையும் கேட்பதில்லை, நேராக உள்ளே தூக்கி வந்துவிடுவார்கள். சேவியரையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். துபாயிலிருந்து என் மகள் வந்து சேர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தாள் என்றால், அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் பார்த்தாள். அந்தக் கதவை எவனோ ஒரு கம்பெனிக்கு எப்படிக் கொடுப்பேன்?

வழக்குவாய்க்குத் தினமும் ஏதாவது சொல்லிவைத்தேன். கம்ப்ரசர் பழசாகிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை, அவனுக்கு முழங்கால் வலியாம். "இது மேலோட்டமா இருக்கு. நீங்க ஒண்ணை மறைக்கிறீங்க" என்றது. ஆமாம், மறைத்தேன். நான் சொல்லிக்கொடுத்து அவன் ஜெயிக்கவா?

விஷயம் இதுதான். சேவியர் உள்ளே கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஐஸ் அள்ளி அள்ளி அண்ணன்மேல் போட்டவன் கில்பர்ட். அதற்குப் பிறகு அவன் குளிரறைக்குள் கால் வைத்ததில்லை. ஒரு நாள் ஐஸ்கட்டி சறுக்கி அவன் கைமேல் வந்து நின்றது. கம்ப்ரசருக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நானும் இழுத்துக்கொண்டே போனேன். அப்போதுதான் எங்கள் துறை ரொசாரியோவின் மகனைக் கடலிலிருந்து பிணமாக எடுத்தார்கள். கல்யாணம் ஆகாத பையன். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சீல் வைத்த கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றார்கள். ரொசாரியோ என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கில்பர்ட்டுக்குப் போன் போட்டேன். அவனிடம் இருந்த வழக்குவாய் முதல் நாளே நிறைந்துவிட்டதாம், தாமதம் என் பக்கம்தானாம். வைத்துவிட்டான்.

வீட்டுக்கு ஓடினேன். ஐஸ் அள்ளியது, வாந்தி எடுத்தது, முழங்கால் பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். "நிறைந்தது" என்றது. துறைமுகத்தில் சீல் தானாக விலகிக் கதவு திறந்துகொண்டது. பையனை உள்ளே கொண்டுபோனார்கள்.

விசாரணையன்று ஊரே வந்திருந்தது. எனக்காகப் பேசிய வழக்குவாய் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தது. பிலோமி பிடிவாதக்காரி, கணவர் தொடங்கிய தொழிலை விட அவருக்கு மனமில்லை. அவ்வளவுதான். அடுத்து கில்பர்ட்டுக்காக, நான் பால் காய்ச்சிக்கொண்டே வளர்த்த வாய் பேசியது. கோர்ட்டே மூக்கைச் சிந்தியது. அண்ணனைக் கிடத்திய அறையில் ஒரு மனிதனைத் தினமும் தொழில் செய்யச் சொல்ல முடியாது என்று கட்டடத்தை அவன் விருப்பத்துக்கு விட்டார்கள்.

கோர்ட் வராந்தாவில் கில்பர்ட் வழியை மறித்துக்கொண்டு நின்றான். ஜெயித்தவன் முகமா அது?

"என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது மைனி. ஊர் பூரா கேக்க வச்சிட்டீங்க. செத்தாலும் மறக்க மாட்டேன்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "அதை வச்சுத்தானலே ஜெயிச்ச? நீ என் பக்கத்தை அப்படியே முழுங்கிட்டு வந்து நிக்கே."

"ஒண்ணையும் முழுங்கல. பட்டைதான் பாத்துச்சே. உங்க பக்கம் என்ன இருக்குன்னு நல்லாத்தான் யோசிச்சேன். பிடிவாதத்துக்கு மேல ஒண்ணும் தோணல."

அவன் பொய் சொல்லவில்லை. ரொசாரியோ மகனைச் சுமந்தவர்கள் கதவு முன்னால் நின்றபோதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. எதிராளியைத் தெரிந்துகொண்டவளுக்குத் தோல்வி, தெரிந்துகொள்ளாதவனுக்கு ஜெயம். நல்ல சட்டம்.

சாவியை அவன் காலடியில் போட்டுவிட்டு வந்தேன். வழக்குவாயையும் நாடிப்பட்டையையும் கோர்ட் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை பால் வைத்தேன். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நிம்மதி என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்தபடி நின்றேன், என் வாய் தானாகப் பேசியது: "இன்னைக்குக் கம்பெனிக்காரனுக்கு அறையைத் திறந்து காட்டணுமே. கூட ஆளில்லாம கில்பர்ட் எப்படி உள்ள போவான்?"

நாசமாகப் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ரெண்டு தடவை சொன்னேன், மனசு ஒட்டவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.