ஐந்தாவது ஆள்

வரிசையில் நின்ற ஐந்து பேரில் கடைசி ஆள் மட்டும் மூச்சு விடவில்லை.

மற்ற நால்வரும், அந்தக் கணினி விளையாட்டைத் தயாரித்த புண்ணியவான்கள் சொல்லிக்கொடுத்தபடி, ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். போர்வீரனின் கவசம் ஏறி இறங்கியது. மந்திரவாதி தாடியை வருடினான். வில்லுக்காரி கால் மாற்றி நின்றாள். வைத்தியக்காரி தன் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாமவன் முதுகைக் காட்டி நின்றான். சாயம் போன டீ-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டையின் பட்டை. மாய உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் மாதிரி இல்லை. லிஃப்டுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தான்.

பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கொட்டாவி வந்தது. இரவு முழுக்க ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்காக போனில் உட்கார்ந்து, "சார், பிளக் சொருகியிருக்கீங்களா?" என்று கேட்பது அவன் பிழைப்பு. பகலெல்லாம் வெட்டிப்போட்ட மரம் மாதிரி கிடப்பான். பல் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கும் மனைவி காலையில் போய் மாலையில் வருவாள். வாசலில் ஷிப்ட் மாறும் இரண்டு வாட்ச்மேன்கள் போலத்தான் குடும்பம் நடந்தது.

"இந்த கேம்லயாவது ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கலாம்," என்று அவள்தான் இதை ஏற்றிக் கொடுத்தாள். இன்று அவனுக்கு விடுமுறை. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் நான் வரும்போது இன்னைக்கும் நீ தூங்கிட்டிருந்தா, அக்கா வீட்டுக்குப் போயிடறேன்டா. கோபத்துல சொல்லல. சும்மா சொல்றேன்."

கோபமென்றால் சமாளித்திருப்பான். அந்தச் 'சும்மா'வைத்தான் சமாளிக்கத் தெரியவில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

"ஆளை எடுத்துட்டியா? பஸ் ஏறிட்டேன்."

"அஞ்சு பேர்ல யாருன்னு பார்த்துட்டிருக்கேன்மா."

"கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லக்கூட இவ்வளவு யோசிக்கல நீ. ஆமா, என்ன அஞ்சு? நாலு பேர்தானே வருவாங்க."

"கடைசில ஒருத்தன் திரும்பி நிக்கிறானே."

"தூக்கக் கலக்கத்துல ஸ்கிரீன்ல உன்னையே பார்த்திருப்ப. முகத்தைக் கழுவு போ."

கழுவினான். கணினியை அணைத்துப் போட்டான். ஊருக்கெல்லாம் அவன் சொல்லும் வைத்தியம் அதுதான். மூடிய ஜன்னல் திரையின் ஓரத்தில் மாலை வெளிச்சம் பழுத்துக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் ஒருமுறை முனகி அடங்கியது. ஹெட்போன் பஞ்சில் பழைய வியர்வை நாறியது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது: நெடுநேரம் மூடிக்கிடந்த அறையில் யாரோ தூங்கி எழுந்த வாசனை.

திரை விழித்தது. ஐந்து பேர். இப்போது ஐந்தாமவன் முதலில் நின்றான்.

அவன்மேல் அம்புக்குறியை வைத்ததும் குறிப்பு விரிந்தது. 'பலம்: விழித்திருப்பான். பலவீனம்: இல்லை.'

சிரிப்பு வந்தது. வாள் வேண்டாம், மந்திரம் வேண்டாம். அவள் வரும்போது கண் திறந்திருக்கும் ஒருவன், அவ்வளவு போதும். அழுத்தினான். நீளமாக ஏதோ நிபந்தனை வந்தது. படிக்காமல் அழுத்திவிட்டு அழும் மனிதர்களுக்கு இரவெல்லாம் பதில் சொல்கிறவன், தானும் படிக்காமல் 'சரி'யை அழுத்தினான்.

ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது அடங்கவில்லை. நிதானமாக, சுகமாக, அவனுக்கும் சேர்த்து இழுத்தது. ஐந்தாமவன் மெல்லத் திரும்பினான்.

அவனுடைய முகமேதான். கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் இல்லை.

எழ வேண்டும். கால் வரவில்லை. இமை கனத்தது. இப்போது கூடாது. இன்றைக்குக் கூடாது. அவள் வரும் நேரம்.

இருட்டு.

நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. எங்கோ மேலே, எட்டாத உயரத்தில், கதவு திறந்தது.

"அட! முழிச்சிருக்கியே!"

"உனக்காகத்தான்." அவன் குரல். அவன் வாய் அசையவில்லை.

கத்தினான். சத்தம் வரவில்லை. மார்பு தானாக ஏறியது, இறங்கியது. கை தானாக உயர்ந்து தலையைச் சொறிந்தது. இறங்கியது. மறுபடி உயர்ந்தது. பக்கத்தில் போர்வீரனின் கவசம் உரசியது. போர்வீரன் கண்ணிலும் நீர் நின்றது.

மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், அவள் முகம் வந்தது. வியர்வையும் பவுடரும் கலந்த, அவன் மறந்தே போயிருந்த முகம்.

"இவனையா எடுத்த? சரியான தூங்குமூஞ்சிடா இது!"

"தெரியாம எடுத்துட்டேன்."

"அழிச்சிட்டு நல்ல ஆளா எடு."

"நீயே அழியேன்."

அவள் தோளின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. அவள் அதில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே, வெள்ளை அம்புக்குறி அவன் நெற்றியை நோக்கி இறங்கிவந்தது.