காலையில் சாகும் என்ஜின்

காலை 10.40. சோதனைப் பாதையின் பாதியில் புது மோட்டார் வண்டி செத்துப்போனது. மெதுவாகப் போகும்வரை சமர்த்தாகத்தான் இருந்தது. வேகம் பிடித்ததும் நாலு இருமல், ஒரு வெடி, அவ்வளவுதான்.

பட்டறை முழுக்கக் கேட்கும்படி முதலாளி கத்தினார். "மேக்னெட்டோ சுருள்தான் கோளாறு! சுத்தினவளை வெளியே அனுப்புங்க!"

மேக்னெட்டோ என்றதும் மிரளாதீர்கள் கண்ணுகளா, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற பெட்டி அது. அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளைச் சுற்றியவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பட்டறையில் அவளுக்குப் பட்டப்பெயர் ஆணி. நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டாள்.

"போறேன். குத்தம் எதுன்னு கண்டுபிடிச்சுட்டுப் போறேன்."

"மத்தியானம் வாங்குறவங்க வர்றாங்க!"

"அப்ப வழியை விடுங்க."

10.55. மூடியைத் திறந்தாள். என்ஜின் கண்ணாடிபோல் மின்னியது, பொட்டு அழுக்கில்லை. கையால் சுழற்றினாள். நீலப் பொறி துள்ளியது. ஓட்டுநர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நேத்து எப்படி?"

"காலைல இதே கூத்துதான்க்கா. மத்தியானம் சிட்டாப் பறந்துச்சு."

"முந்தாநாள்?"

"அதேதான்."

"காலைல எடுக்கறதுக்கு முன்னால என்ன பண்றீங்க?"

ஓட்டுநர் முதலாளியைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "கழுவுவோம்."

ஆணி சிரித்தாள். முதலாளிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

11.10. "சுருள் கெட்டிருந்தா, சூடேறினாத்தான் சாகும். இது சூடேறினாப் பிழைக்குது," என்றவள் மேக்னெட்டோவின் முனையிலிருந்த சின்ன இரும்புக் கையை விரலால் தள்ளினாள். ஒவ்வொரு பொறிக்கும் அது திறந்து மூட வேண்டும். சோம்பல் முறித்துக்கொண்டு திரும்பி வந்தது.

"இதோட அச்சுல நார் அட்டை வளையம் இருக்கு. தண்ணி குடிச்சு உப்பி, கையை இறுக்கிப் பிடிக்குது. மெதுவா ஓடினா மூட நேரம் கிடைக்கும். நொடிக்கு அறுபது பொறி கேட்டா எங்க மூடும்? மத்தியானத்துக்குள்ள என்ஜின் சூட்டுல காஞ்சு சரியாயிடும்."

வளையத்தைக் கழற்றினாள். அரத்தால் நாலு இழுப்பு. கை சடக்கென்று மூடும் அளவுக்குத் தேய்த்தாள்.

"வெளியே மட்டும் கழுவினாப் போதாது, என்ஜினும் பளபளக்கணும்னு தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?"

அவளே முதலாளி பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் ஐயா."

"நான் முதலாளி!"

"தண்ணிக்கு அது தெரியாதே."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். முதலாளி கை நீட்டினார். "சரி, மாட்டு."

ஆணி வளையத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "என்னைத் திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சு. குத்தம் யாருதுன்னும் எல்லாருக்கும் கேக்கட்டும்."

11.35. முதலாளி முணுமுணுத்தார். "தப்பு என்னுது."

"கடைசி மேசைக்குக் கேக்கல."

11.36. கேட்டது.