ஊளை அடங்கிய இறக்கம்

அங்ஹெலின் கார் வாசலில் நின்றதும் பராஸ்கீவா துள்ளி விலகினாள். "வண்டி வந்ததே தெரியலையே, இன்ஜினியர் ஐயா!"

அவள் கணவன் ஸகாரியா உள்ளே சவப்பெட்டியில் கிடந்தான். முந்தைய நாள் மூடுபனியில், மலைச்சாலை இறக்கத்து வளைவில், வக்கீல் கொர்னேலின் அறுபது வருடப் பழைய கறுப்புக் கார் அவனை அடித்துப்போட்டது. அந்தக் காரின் கிளட்ச் பக்கத்து ஊளை ஊருக்கே கேட்கும். கேட்டும் குறுக்கே போனவன் சாகத்தான் போனான் என்று போலீஸ் எழுதிவிட்டது.

"தற்கொலைக்கு மணி அடிக்க மாட்டாராம் பாதிரியார். நாளைக்குக் கல்லறை வேலிக்கு வெளியே புதைக்கணுமாம்" என்றாள் பராஸ்கீவா.

அங்ஹெல், காரில் கூட வந்த மருமகள் லியாவுடன் வக்கீல் வீட்டுக்குப் போனார். நிறுத்தியிருந்த காரை நியூட்ரலில் கிளப்பச் சொன்னார். ஊளை. லியா கிளட்சை மிதித்தாள். அமைதி. விட்டாள். மறுபடி ஊளை.

"கிளட்சுல குத்தமில்ல. கியர்பாக்ஸ் முன்தண்டு பேரிங் போயிருக்கு. அந்தத் தண்டு சுத்துனா கத்தும்" என்றார் அங்ஹெல்.

"மாமா, வழியில பார்த்த தபால்கார அக்கா, நேத்து மேட்டு உச்சியிலேயே ஊளை நின்னுபோச்சுன்னாங்களே?"

"கியர் மாத்தியிருப்பேன்" என்றார் கொர்னேல்.

"அதுக்கு ஒரு மூச்சு நேரம் போதும். கியர்ல இருந்தா, கிளட்சை மிதிச்சாலும் சக்கரம் அந்தத் தண்டைச் சுத்தும். கீழ வரைக்கும் கத்தியிருக்கணும். நியூட்ரல்ல போட்டு கீழ வரைக்கும் கிளட்சை மிதிச்சுக்கிட்டே யாரும் வரமாட்டாங்க. கத்தாம இறங்க ஒரே வழிதான். நியூட்ரல் போட்டு, எஞ்சினை அணைச்சு உருட்டிட்டு வர்றது."

கொர்னேல் திண்டாடினார். "மாசம் இருபது லிட்டர்தான் பெட்ரோல்னு ரேஷன் இருந்த காலத்துல பழகின கை... இந்த ஊர்ல யாருங்க அப்படி இறங்கல?"

"இறங்கினது பழக்கம். அவன் காதுல ஊளை விழுந்துச்சுன்னு நீங்க போலீஸ்ல சொன்னது?"

கொர்னேல் தலை நிமிரவில்லை. "பாதிரியார்கிட்ட நானே சொல்றேன்."

மறுநாள் மணி அடித்தது. வேலிக்கு உள்ளேதான் குழி.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் மேட்டு உச்சி வந்தது. அங்ஹெலின் கை தானாகச் சாவிக்குப் போனது. லியா அதையே பார்த்தாள்.

"நேத்து நாமளும் இப்படி அணைச்சுட்டுத்தானே வந்தோம், மாமா?"

அவர் சாவியை விட்டுவிட்டு, வளைவு முடியும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே இறங்கினார்.