வெளியே விடாத குழாய்

விசிறி ஓடாதபோது முப்பத்தொன்று. சுவிட்சைப் போட்டதும் இருபத்தாறு.

சத்தம் அளக்கும் செயலியைத் தட்டிவிட்டு அவன் மறுபடி பார்த்தான். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஒரு விசிறி அறையின் சத்தத்தோடு கொஞ்சமாவது சேர்க்கத்தானே வேண்டும்? இது எடுத்துக்கொண்டிருந்தது.

குளியலறை ஈரம் போனால்தான் மகளின் இழுப்பு குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் மேடேறும் லாரி மாதிரி உறுமும். அந்த உறுமலில், ஒட்டினாற்போலிருக்கும் அறையில் அவள் மூச்சு இழுப்பது யாருக்கும் கேட்காமல், போன மாதம் உதடு நீலம் பாரித்த பிறகுதான் பார்த்தார்கள். அதனால்தான் இதை வாங்கினான்.

"பழசு அறுபது டெசிபெல் இருக்கும்ணே. இது இருபத்தஞ்சுதான். பத்து குறைஞ்சாலே காதுக்குப் பாதியாத்தான் தெரியும்," என்றிருந்தான் கடைக்காரன்.

"அப்படியே உங்க குறட்டையையும் அளந்து வைங்க, அதுக்கும் ஒண்ணு மாட்டிடலாம்," என்று காலையில் அதை ஓடவிட்டபோது, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள்.

அவன் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவன். ஊரார் வீட்டில் சுவரைத் துளைத்து, ஃபேன் இழுக்கும் காற்று போகிற குழாயை வெளியே விடாமல் சூப்பர்வைசர் அவனை ஏணியிலிருந்து இறங்க விடமாட்டார். தன் வீட்டில், கை அசந்துபோய், சீலிங்குக்கும் மேல்தளத்துக்கும் நடுவிலிருந்த இருட்டிலேயே குழாயை முடித்துவிட்டான். மேலே ஏறி யார் பார்க்கப் போகிறார்கள்?

மதிய வெயில் கண்ணாடிச் சட்டத்தில் மங்கி நிற்க, நனைந்த சிமெண்டும் சோப்பும் கலந்த வாடை மூக்கில் ஏற, வாளியில் விழும் தண்ணீரின் சத்தம் யாரோ கதவை மெல்ல மெல்லச் சாத்துவதுபோல் தேய்ந்துகொண்டே போனதை அவன் நின்றபடி கேட்டான். தண்ணீர் என்னவோ அதே வேகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

இருபத்தொன்று. பதினாறு.

"அப்பா, தண்ணி."

எங்கோ தெருக்கோடியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஓடினான். கட்டிலில் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. தரையில் விழுந்தது. உருண்டது. சுவரில் முட்டி நின்றது.

சத்தமே இல்லை.

"என்ன குட்டி?" என்றான். தொண்டை அதிர்ந்தது, அவ்வளவுதான். டிரில் பிடித்துப் பிடித்துக் காது போய்விட்டதா? கைப்பேசியைப் பார்த்தான். ஒன்பது. அதற்குமா காது போகும்?

குளியலறைக்கு ஓடிச் சுவிட்சை அணைத்தான். இறக்கைகள் நின்றன.

நான்கு.

திரும்பி வந்தபோது மகளின் கழுத்துக் குழி உள்ளே ஒட்டியது. விலா எலும்புகள் ஏறி இறங்கின. இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலரைக் குலுக்கி அவள் வாயில் வைத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். மனைவியைக் கைப்பேசியில் அழைத்தான். அவள் எடுத்துவிட்டதாகத் திரையில் விநாடிகள் ஓடின. கத்தினான். பக்கத்து வீட்டுச் சுவரைக் குத்தினான். விரல் முட்டி கிழிந்தது.

யாரும் வரவில்லை.

பூஜ்யம்.

சத்தமெல்லாம் எங்கே போகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். அவன்தான் குழாயை அங்கே முடித்தவன்.

ஏணி. மூடி. நான்கு திருகுகள். விசிறியை அப்படியே பிடுங்கி எறிந்தான். துளைக்குள் தலையை நுழைத்தான்.

கேட்டது.

வாளியில் தண்ணீர். மனைவியின் காலைச் சிரிப்பு. உருளும் டம்ளர். அவனுடைய குரலே, "என்ன குட்டி?" என்று. அதற்கும் அப்பால், மூலையில்:

"அப்பா, இங்க இருட்டா இருக்குப்பா."

கையை நீட்டினான். எட்டவில்லை.

தலையை உருவித் திறந்த கதவு வழியே பார்த்தான். கட்டிலில் மகள் வாயைத் திறந்தபடி கிடந்தாள். விலா ஏறவில்லை. இறங்கவில்லை.

மேலே, துளைக்குள், இழுப்பே இல்லாமல் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவன் கன்னத்தின்மேல். சூடாக.