'இல்லை' கிடைக்காத கடை

எங்கள் தாத்தா கடையில் எல்லாம் கிடைக்கும். 'இல்லை' என்ற சொல் மட்டும் கிடைக்காது. மண்ணெண்ணெய் தீர்ந்துபோனால், "நாளைக்கு வந்துரும்" என்பார். வத்தல் தீர்ந்துபோனால், "மல்லி புதுசா வந்திருக்கு, பாக்கீகளா?" என்பார். இல்லை என்று சொன்னால் வியாபாரத்துக்கு ஆகாதாம்.

தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் இருந்தது அந்தக் கடை. ஐம்பது வருஷம் ஆகிறது. சீயக்காயும் புதுக் கயிறும் கலந்த அதன் வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

தாத்தா பெயர் செந்தூர்பாண்டி. மளிகையோடு தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் விற்பார். எந்த மீனுக்கு எந்த முள் என்று மீனவர்களுக்கே சொல்லுவார். அண்ணாச்சி கடலுக்குப் போயிருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், "போகாமலா இவ்வளவு தெரியும்?" என்று மீசையைத் தடவுவார். ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவு விட்டதும், மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன். பாவம், அவருக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே!

ஒரு சனிக்கிழமை விடிந்ததும், எங்கள் கடை வாடிக்கைக்காரர் தொம்மை மாமாவின் மீன்பிடி வல்லத்தில் ஏறினோம். தாத்தா சலவைச் சட்டை போட்டு, ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். கரையில் மாதா கோவில் சின்னதாகிற வரைக்கும் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு குறைந்தது. நங்கூரம் போட்டதும் நின்றே போனது.

தொம்மை மாமா முன்பக்கம் வேலையாக இருந்தார். நான் இறால் குத்திய தூண்டிலை இறக்கிவிட்டுத் திரும்பினால், தாத்தா வல்லத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டியிருந்தார். ஆறு இட்லியும் மீனுக்குப் போய்விட்டது.

"ஏளா செல்லக்கிளி," என்றார் மெதுவாக. "நானும் இன்னைக்குத்தாம்ளா முதல் தடவை கடலுக்கு வாரேன். தொம்மைட்ட சொல்லிராத. ஊரே சிரிக்கும்."

அந்த நேரம் பார்த்துத்தானா என் தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுக்கவேண்டும்? மீன்! அது துடிப்பது என் விரலில் தெரிந்தது. எத்தனை நாள் கெஞ்சி வாங்கிய கடல்! எனக்கு அழுகை முட்டியது. ஆனால் தாத்தாவின் முகம் அவர் வேட்டியைவிட வெளுத்திருந்தது.

"தொம்மை மாமா, எனக்குத் தலை சுத்துது. கரைக்குப் போவோம்," என்று நரம்பை நீட்டினேன்.

அவர் வாங்கி இழுப்பதற்குள் மீன் தப்பிவிட்டது. என்னைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். நங்கூரத்தைத் தூக்கினார்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கரையில் விசாரித்தவர்களிடமும் நான் அதையே சொன்னேன். அது போதாதா? மறுநாளே எனக்கு 'வாந்திக்கிளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் போனால் பிள்ளைகள் ஓங்கரித்துக் காட்டினார்கள். கடைக்கு வந்தவர்களும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். தாத்தாவோ தலையைக் குனிந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

நாலாம் நாள் கடையில் நல்ல கூட்டம். சீனி வாங்க வந்த அமலோற்பவம் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கடல்ல வாந்தி எடுத்த பிள்ளை இவதானா?" என்று கேட்டாள்.

தாத்தாவின் கை நின்றது.

"இல்ல," என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல்லை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை.

"அவ இல்ல. நான்தான். நான் கடலுக்குப் போனதும் அன்னைக்குத்தான். என் மானத்தக் காப்பாத்த இந்தப் பிள்ளை கெட்ட பேரு வாங்கிட்டு நிக்கா."

முள் வாங்க நின்ற தொம்மை மாமாதான் முதலில் சிரித்தார். இட்லி மிதந்ததை அவர் அன்றைக்கே பார்த்துவிட்டாராம். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், தாத்தாவும்தான். சிரித்து முடித்ததும், விளைமீனுக்கு எந்த முள் என்று தாத்தாவிடமே கேட்டு வாங்கிப் போனார் தொம்மை மாமா.

அடுத்த சனிக்கிழமை அவரோடு போய், முழ நீளத்துக்கு ஒரு விளைமீனைப் பிடித்துவந்தேன். தாத்தா குடையை மணலில் ஊன்றிக்கொண்டு கரையில் காத்திருந்தார்.

அடுத்த வாரம் நீங்களும் வருகிறீர்களா அண்ணாச்சி என்று கேட்டார் தொம்மை மாமா.

"இல்ல," என்றார் தாத்தா, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.